கேரதீவு றோட்டும் அப்பாவின் பாதையும்

யாழ்ப்பாணம் மன்னார் வீதியை ஏ32 என்று சொன்னால் அப்பாவுக்கு விளங்காது. விளங்கினாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார். அவருக்கு அது கேரதீவு றோட்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்போது நாவற்குழிச் சந்தியில் கண்டி வீதியை விட்டுத் திரும்பினால் தனங்கிளப்பு, பிறகு கேரதீவு, அதோடு தரை முடிந்துவிடும். எதிர்க்கரை சங்குப்பிட்டி. நடுவில் கடனீரேரி. அதைக் கடக்க "பாதை".

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடக்கிற வழி மட்டுமல்ல. ஆட்களையும் சைக்கிளையும் லொறியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற தட்டையான மிதவைக்கும் அதுதான் பெயர். காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் ஓடுவதையும் பாதை என்றுதான் சொல்கிறோம். அப்பா கதை சொல்லும்போது "பாதை அந்தப் பக்கம் நிண்டுது" என்பார். சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். பாதை எப்படி அந்தப் பக்கம் நிற்கும்?

2018இல் எனக்கு மன்னாரில் ஒரு வேலை அமைந்தது. வாரத்தில் இரண்டு நாள், இளைஞர்களுக்கு மோட்டார் திருத்த வகுப்பு. கைதடியில் இருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவதென்று முடிவெடுத்தேன். நாவற்குழியில் இருந்து மன்னார் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். முதல்நாள் இரவு அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "சோழகம் அடிக்குது. காத்து எழும்ப முன்னம் சங்குப்பிட்டியைக் கடந்திடு." இப்போது பாலம் இருக்கிறதே அப்பா, காற்று என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் அடுத்த நாள் பத்தரை மணிக்குக் கிடைத்தது.

கேரதீவைத் தாண்டினால் இரு பக்கமும் நீர், நடுவில் உயர்த்திக் கட்டிய வீதி. காற்றை மறிக்க ஒரு பனைகூட இல்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கில் இருந்து வருகிற சோழகம் அந்த இடத்தில் விலாவில்தான் அடிக்கும். காலையில் அடங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏறப் பலக்கும். என்னுடைய நூறு சிசி வண்டி வலப்பக்கம் சாய்ந்தபடியே ஓடியது. நேராகப் போவதற்குச் சாய்ந்துதான் போகவேண்டும் என்பதை அன்றுதான் படித்தேன். அதிலும் மோசம், எதிரே ஒரு லொறி வந்து கடக்கும்போது. லொறி காற்றை மறைக்கிற அந்த ஒரு நொடியில் சாய்ந்திருந்த வண்டி அதே பக்கம் பாயும், லொறி விலகியதும் காற்று மறுபக்கம் தள்ளும். இப்போதெல்லாம் சோழக மாதங்களில் ஏழரை மணிக்கு முன் பாலத்தைக் கடந்துவிடுவேன். பிந்தினால் நாற்பதுக்கு மேல் ஓடுவதில்லை. வெற்றுப் பெட்டி, கூடை, சுருட்டிய பாய் போன்றவற்றைப் பின்னால் உயரமாகக் கட்டுவதும் இல்லை. அவை பாய்மரம் மாதிரி.

பாலத்தின் கதை சுருக்கம். 288 மீற்றர் நீளம், இரும்புப் பாலம், 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன் இந்த வீதி ஏறத்தாழ இருபது வருடம் வீதியாகவே இருக்கவில்லை. வரைபடத்தில் கோடு மட்டும் இருந்தது.

அப்பா இந்தத் துறையைக் கடந்தது எழுபதுகளில். தென்மராட்சியில் பலருக்கு பூநகரியில் வயல் இருந்தது, எங்கள் பெரியப்பாவுக்கும் இருந்தது. விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் சைக்கிளில் போய், கேரதீவில் பாதைக்குக் காத்து நிற்பார்கள். காற்றுக் கூடினால் பாதை ஓடாது. அன்று இரவு துறையிலேயே படுக்கை. காற்றைப் பற்றி அவருக்கு இருந்த பயம் வண்டி சாயும் என்பதால் அல்ல, பாதை நின்றுவிடும் என்பதால்தான். அது எனக்குப் பிறகுதான் ஓடி வெளித்தது. காரணம் மாறிவிட்டது, புத்திமதி அப்படியே பொருந்துகிறது.

போரில் 1990இல் ஆனையிறவு வழி அடைபட்டது. 1991இல் பூநகரி இராணுவத்தின் கைக்குப் போனதும் சங்குப்பிட்டித் துறையும் அடைபட்டது. குடாநாட்டுக்கு எஞ்சிய வழி கிளாலி. இரவில், விளக்கு இல்லாமல், படகில், கடற்படை வந்துவிடுமோ என்ற பயத்தோடு பூநகரிப் பக்கம் போய் இறங்குவது. அம்மா 1993இல் அப்படித்தான் வவுனியா போனார். இன்றும் பாலத்தில் பஸ் ஏறினால் கிழக்கே கிளாலிப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் கேட்டதில்லை.

நாவற்குழிச் சந்தியையும் சொல்லவேண்டும். வீதி தொடங்குகிற அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாலத்தால்தான் 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. மழை, இருட்டு, இலட்சக்கணக்கான ஆட்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் அன்று நாலு குடும்பம் படுத்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

சரி, வீதிக்கு வருகிறேன். தனங்கிளப்புக்கு அப்பால் உவர்வெளி. மாரி முடிந்து நீர் வற்றத் தொடங்கும் மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். அழகுதான். ஆனால் படம் எடுக்கிற ஆசையில் காரை ஓரம்கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தார் முடிகிற இடத்தில் தரை காய்ந்த மாதிரித் தெரியும், மேலே ஒரு விரற்கடை மட்டும்தான் காய்ச்சல், கீழே சேறு. என் சிநேகிதன் ஒருவன் கொழும்பில் இருந்து புதுக் காரோடு வந்து அங்கே முன்சில்லைப் புதைத்தான். ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து இழுத்து எடுக்கும்வரை பூநாரைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

சங்குப்பிட்டிக்கு அப்பால் கிளிநொச்சி மாவட்டம். பூநகரிக் கோட்டை வீதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்தது. சுவர்தான் மிச்சம். பூநகரியின் உண்மையான புகழ் மொட்டைக்கறுப்பன் அரிசி. சிவப்பு அரிசி, சோறு கொஞ்சம் முரடாக இருக்கும், ஆனால் இடித்துப் புட்டு அவித்தால் வேறு மாவைத் தொட மனம் வராது. வாடியடிச் சந்திப் பக்கம் வீடுகளில் கேட்டால் கிடைக்கும். மாசி, பங்குனியில், அரிவு வெட்டு முடிந்த கையோடு வாங்குவது நல்லது. பிறகு நல்லதென்று சொல்லி எதையும் தருவார்கள்.

அதே மாதங்களில்தான் வீதியில் நெல் காயும். பாதி வீதியில் நெல்லைப் பரவி, வாகனம் ஏறாமல் இருக்க ஓரத்தில் கல்லும் மரக்கட்டையும் வைப்பார்கள். நெல்லை அள்ளுகிறவர்கள் கல்லை அள்ளுவதில்லை. நெல் தெரிந்தால் விலகிப் போகலாம், நெல் போன பிறகு கிடக்கிற ஒற்றைக் கல்தான் இரவில் ஆளை விழுத்தும். நான் ஒருமுறை நூலிழையில் தப்பினேன். கோபம் வந்தது. ஆனால் காயவிடத் தளம் இல்லாத ஒருவரிடம் வீதியில் போடாதே என்று எப்படிச் சொல்வது? அதனால் அந்த இரண்டு மாதமும் ஓரத்தை விட்டு நடுவுக்குச் சற்றுக் கிட்ட ஓடுகிறேன்.

இந்தப் பகுதியில் கைபேசி வரைபடத்தை நம்பி ஒருநாள் வாடியடியில் பிழையான பக்கம் திரும்பினேன். "கிட்டிய வழி" என்று காட்டியது. தார் முடிந்து கிரவல், கிரவல் முடிந்து மணல். கௌதாரிமுனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மணல்மேடுகளும் கடற்கரையும் பார்க்கத்தக்க இடம்தான், வேலைக்குப் போகிற நாளில் அல்ல. மணலில் சில்லு சுழன்று இறங்கும்போது முறுக்கினால் இன்னும் இறங்கும். இறங்கி, ரயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து, தள்ளிக்கொண்டே மெதுவாக எடுத்தேன். வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. மோட்டார் படிப்பிக்கிற மாஸ்டர் மணலில் புதைந்தார் என்ற கதை மாணவர்களுக்கு மூன்று மாதம் போதுமாக இருந்தது.

பூநகரிக்குத் தெற்கே பல்லவராயன்கட்டு, ஜெயபுரம், நாச்சிக்குடா, முழங்காவில். இந்த நீளத்தில்தான் எனக்குப் பெரிய பாடம் நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் புது ரியூப் வாங்கிப் போட்டிருந்தேன். நல்ல கொம்பனி என்று சொல்லித்தான் தந்தார்கள். மூன்றாம் நாள், ஜெயபுரம் தாண்டி, மதியம் ஒரு மணிக்குப் பின்சில்லு காற்றுப் போய் இருந்துவிட்டது. முள் இல்லை, ஆணி இல்லை. வால்வு அடியிலேயே ரியூப் பிரிந்துவிட்டது. அது ஒட்டுக்கு நிற்காது. வேறு ரியூப் கையில் இல்லை. பக்கத்தில் நிழலும் இல்லை. பற்றைக்குள் ஒதுங்கலாம் என்றால், முந்திய பயணங்களில் அந்தப் பக்கங்களில் பார்த்த மண்டையோட்டுச் சிவப்புப் பலகைகள் நினைவுக்கு வந்தன. பலகை இல்லாத இடம் என்பதால் கண்ணிவெடி இல்லாத இடம் என்று அர்த்தமில்லை. இன்றுவரை இந்த வீதியில் என்ன அவசரம் என்றாலும் கடை, பள்ளிக்கூடம், கோயில் கண்டுதான் நிற்கிறேன். பற்றைக்குள் கால் வைப்பதில்லை.

வண்டியைத் தள்ளினேன். ஒன்றரை லீற்றர் தண்ணீர் இருந்தது, அது காப்பாற்றியது. அந்தப் பகுதியில் பல கிணறுகள் உவர். தேத்தண்ணீரே கரிக்கும். கடைசியில் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் வண்டியை ஏற்றி முழங்காவிலில் ஒரு ஒட்டுக்கடையில் இறக்கிவிட்டார்கள். காசு வாங்கவில்லை.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். ரியூப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது கடையிலேயே கிடந்து கிழண்டினது தம்பி. திகதி பாக்கேல்லையோ?" என்றார். ரியூப்பும் ரயரும் விற்காமலே கிழடாகும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ரயரில் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். அதைப் பார்ப்பேன். ரியூப்பை மடிப்பில் இழுத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைச் செய்யவில்லை. அன்றிலிருந்து ஒரு ரியூப், இரண்டு நெம்பி, ஒரு கைப் பம் என் பெட்டியில் நிரந்தரம்.

அவருடைய கடையிலும் ஒரு கைப் பம் இருந்தது. பிடி தேய்ந்து பளபளத்தது. காற்றடிக்கிற மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். "இது என்னோட போய் வந்தது" என்றார். 2008இல் இராணுவம் மன்னார்ப் பக்கமிருந்து இந்த வீதியைப் பிடித்துப் பிடித்து வடக்கே வந்தது. ஜூலையில் விடத்தல்தீவு, ஓகஸ்டில் வெள்ளாங்குளம், நவம்பர் 15இல் பூநகரி. தெற்கே போக முடியாது. வடக்கே போனால் நீர், நீருக்கு அப்பால் இன்னொரு இராணுவ எல்லை. "எல்லாரும் இதை யாழ்ப்பாணம் மன்னார் றோட்டு எண்டுதான் சொல்லுறவை. அந்த நேரம் எங்களுக்கு அதில வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. குறுக்கால கிழக்கைதான் போனனாங்கள்." அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், பிறகு பெயர் சொல்ல விரும்பாத இடங்கள், பிறகு செட்டிகுளம் அகதி முகாம். ஒவ்வொரு இடத்திலும் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்திருக்கிறார். கம்பிரஸரை இரண்டாம் இடத்தில் விட்டுவிட்டார். பம் மட்டும் கூடவே வந்தது.

நான் பிறகு அந்த வழியால் போகும்போதெல்லாம் அவரிடம் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் நிற்பேன். அவர் சொன்ன இன்னொன்றையும் கேட்டு நடக்கிறேன். பொழுதுபட்ட பிறகு பல்லவராயன்கட்டுக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில் தனியே ஓடாதே என்றார். கட்டாக்காலி மாடுகள் பகல் வெயிலில் சூடேறிய காப்பெற் வீதியில் இரவில் வந்து படுக்கும். மாரியில் ஈரத்துக்கு இன்னும் அதிகம். கறுப்பு மாடு, கறுப்புத் தார். தவிர்க்க முடியாவிட்டால் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டுப் போ, பஸ் மாட்டை எழுப்பிவிட்டுப் போகும். இதைவிட நல்ல உபாயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில் முழங்காவில் மாவீரர் துயிலுமில்லப் பக்கம் மாலையில் சனம் கூடும். அன்று அவசரக்காரர் அந்த வழியால் போகாமல் விடுவது நல்லது.

வெள்ளாங்குளத்தோடு மன்னார் மாவட்டம் தொடங்கும். மாங்குளத்தில் இருந்து மல்லாவி, துணுக்காய் ஊடாக வரும் வீதி அங்கே வந்து ஏறுகிறது. ஏ9 என்கிற கண்டி வீதியில் இருந்து வருகிறவர்களுக்கு அது உதவும். அடுத்து தேவன்பிட்டி. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதா சொரூபத்தைக் கொண்டுவந்து வைத்தது இந்த ஊர்த் தேவாலயத்தில்தான். அதே ஓகஸ்டில் மடுவுக்குத் திரும்பியது. இலுப்பைக்கடவை தாண்டி விடத்தல்தீவு. கண்டல் காடும் மீன்பிடியும். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்களில் ஒன்று. திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் கடையில் நான் வழக்கமாக மீன் பணிஸ் வாங்குவேன். பிறகு மாந்தை, திருக்கேதீச்சரம், பாலாவி. சுந்தரர் பாடிய அதே பாலாவிதான். தள்ளாடியில் மதவாச்சி மன்னார் வீதியான ஏ14இல் ஏறினால், கடலுக்கு நடுவே போகும் நேர் வீதி மன்னார்த் தீவுக்குள் கொண்டுபோய் விடும். இந்தக் கடைசிப் பகுதியில் எனக்கு ஒரு துன்பமும் நடக்கவில்லை, அதனால் சொல்லவும் அதிகம் இல்லை.

கொழும்புக்கு இது குறுக்கு வழி என்று பாலம் திறந்த காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. இன்னும் கேட்கிறார்கள். வரைபடத்தில் அப்படித்தான் தெரியும், மன்னாரில் இருந்து நேரே கீழே புத்தளம். ஆனால் அந்த வழி வில்பத்துக்குள்ளால் போகிறது, அது வழக்கு மன்றம்வரை போன விவகாரம். அதை நம்பிக் குடும்பத்தோடு புறப்படக் கூடாது. மன்னாரில் இருந்து மதவாச்சி போய்த்தான் திரும்பவேண்டும் என்றால் ஏ9ஐ விட இலாபம் ஒன்றும் இல்லை. மன்னார், மடு, திருக்கேதீச்சரம் போகிறவர்களுக்குத்தான் இந்த வீதி.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனது. பிறகு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். என் வண்டி லீற்றருக்கு ஐம்பது ஓடும் என்று பெருமை பேசுவேன். நாலு ஐம்பது இருநூறு. வீட்டில் இருந்து மன்னார் போய் வர இருநூறுக்கு மேல். அதுவும் வாரத்தில் இரண்டு தடவை. கணக்கு எங்கே இடித்தது என்று பார்க்கவே தேவையில்லை. வண்டியை வீட்டில் விட்டு யாழ்ப்பாணம் மன்னார் பஸ்ஸில் ஏறினேன். நாவற்குழிச் சந்தியில் ஏறினால் இருக்கை கிடைக்காது. இரண்டு வாரத்தில் பாடம் வந்தது. யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கே போய் ஏறவேண்டும், அல்லது பூநகரி வரை நிற்கத் தயாராக இருக்கவேண்டும். பூநகரியில் கொஞ்சப் பேர் இறங்குவார்கள். திரும்பும்போது கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தியதைப் பிடிக்கவேண்டும். கடைசி பஸ் பழுதானால் இரவு முழங்காவிலில்தான். ஒருநாள் அப்படித்தான் ஆனது. கைப் பம்காரர் வீட்டு விறாந்தையில் படுத்தேன். அவர் மனைவி இராச்சோற்றுக்கு மொட்டைக்கறுப்பனும் திருக்கைக் குழம்பும் தந்தார்.

போன வருடம் அப்பா தானாகக் கேட்டார், என்னைச் சங்குப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று. அவருக்கு எண்பத்தொன்று. பின்னால் இருத்தி, என் இடுப்பைச் சுற்றி ஒரு சால்வை கட்டி, காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "நில்லு, நில்லு" என்றார். எதிர்க்கரையில் நிறுத்தினேன். இறங்கி நின்று நீரைப் பார்த்து, பாதை வந்து அணைகிற இடம் இதுவா, அதுவா என்று கையால் அளந்தார். பிடிபடவில்லை. வீதி வந்த பிறகு கரையே மாறிவிட்டது என்றார்.

அங்கே ஒருவர் நண்டு விற்றுக்கொண்டு நின்றார். அப்பா குந்தி இருந்து ஒவ்வொன்றாகப் பிரட்டி, அமத்திப் பார்த்து, விலை பேசி, வேண்டாம் என்று எழும்பி, திரும்பவும் குந்தி, அரை மணித்தியாலம் எடுத்தார். பாதைக்குக் காத்திருக்கிற நேரத்தில் முந்தியும் இதைத்தான் செய்வோம் என்றார். ஏழு நண்டு வாங்கினோம். பையைக் கையில் தந்துவிட்டு மேற்கே பார்த்தார். நீரில் சின்னச் சின்னதாய் மடிப்பு விழத் தொடங்கியிருந்தது.

"வெளிக்கிடு தம்பி, காத்து எழும்பப் போகுது."